பழைய ராணுவ பட்டனை அடையாளம் காண்பது எப்படி? பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய சீருடை பட்டன் ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். முன்பக்கத்தில் கழுகோ நங்கூரமோ கிரீடமோ தெரிகிறது, உடனே அதைப் படம்பிடித்து இணையத்தில் தேடுகிறார்கள். ஒரே மாதிரி படங்கள் வரிசையாக வந்து நிற்கும். சில ராணுவத்தினுடையவை, சில ரயில்வேயினுடையவை, சில காவல்துறையினுடையவை, மீதி சமீபத்தில் அச்சடித்த அலங்காரப் பட்டன்கள். எது நம் கையில் இருப்பது என்று தெரியாதபோது, எதற்கு விலை அதிகம் போட்டிருக்கிறதோ அதுவே நம்முடையது என்று மனசு முடிவுகட்டிவிடும்.

முதலில் காலத்தைக் குறுக்குங்கள், பெயர் அப்புறம் வரட்டும். சீருடை என்பது அரசாணைப்படி நடப்பது. அரசர் மாறினால் கிரீடம் மாறும், படைப்பிரிவைக் கலைத்தால் அதன் எண் மறையும், போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் பட்டன் பிளாஸ்டிக் ஆகும். இப்படி ஒவ்வொரு மாற்றமும் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’, ‘இதற்குப் பின்னால் இருக்க முடியாது’ என்று ஒரு எல்லை போட்டுத் தருகிறது. இரண்டு எல்லை கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் படி: துடைக்காதீர்கள்

பட்டனைப் பளபளவென்று தேய்த்துவிட்டுப் பார்க்கலாம் என்றுதான் கை போகும். போக விடாதீர்கள். அதிகாரிகளின் பழைய பட்டன்களில் இருப்பது மெல்லிய தங்க முலாம். பித்தளை பாலிஷ் போட்டு நாலு தேய்ப்புத் தேய்த்தால் முலாம் போய்விடும், முலாம் போனால் அது அதிகாரியுடையதா சிப்பாயுடையதா என்று சொல்ல உதவும் முக்கியமான தடயமும் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். மண்ணிலிருந்து வந்ததாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, இளகிய மண்ணை மட்டும் மரக்குச்சியால் எடுங்கள்.

கரும்பச்சையாக, வழவழப்பாகப் படிந்த களிம்பு உலோகத்துக்குப் பாதுகாப்பு, அதை விட்டுவிடலாம். வெளிர்பச்சையாக, தொட்டால் மாவுபோல் உதிர்கிறதென்றால் உலோகம் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தனியாக, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

இரண்டாவது படி: அளவும் வெளிச்சமும்

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு காந்தம், ஒரு டார்ச். இவ்வளவுதான் தேவை. குறுக்களவை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டின் மார்பில் வரும் பெரிய பட்டன் பெரும்பாலும் 22 முதல் 25 மி.மீ. வரை இருக்கும். சட்டைக்கை முனை, தொப்பி, தோள்பட்டைக்கு வருவது 14 முதல் 18 மி.மீ. பழைய விற்பனைப் பட்டியல்களில் ‘லீன்’ என்ற கணக்கு வரும். பட்டன் தொழிலில் 40 லீன் ஒரு அங்குலம்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். பட்டனை மேஜையில் வைத்து, டார்ச்சை மேஜையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழச் செய்யுங்கள், பட்டனை மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் தகடாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அப்படியும் தெரியவில்லை என்றால் மெல்லிய அலுமினியத் தாளை மேலே போட்டு, விரல் நுனியால் அழுத்தித் தடம் எடுக்கலாம். பியூட்டர் (வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகம்) பட்டனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அது அழுத்தம் தாங்காது.

மூன்றாவது படி: திருப்பிப் போடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பின்பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கும்: பட்டன் எப்படிச் செய்யப்பட்டது, துணியில் தைப்பதற்கான வளையம் எப்படிப் பொருத்தப்பட்டது, என்ன எழுதியிருக்கிறது.

ஒரே தகடா, இரண்டு தகடா என்று முதலில் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பட்டன்களில் பெரும்பாலானவை ஒரே துண்டு. தட்டையாக இருக்கும், பின்னால் வளையத்தைப் பற்றவைத்தோ சேர்த்து வார்த்தோ இருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, குமிழ் மாதிரி எழும்பிய முன்தகட்டின் ஓரத்தைப் பின்தகட்டின் மேல் மடித்துச் செய்யும் முறை பரவியது. உள்ளே வெற்றிடம் இருக்கும், ஓரத்தில் மடிப்பு தெரியும். இவை தவிர, முகம், முதுகு, இரண்டையும் பிடித்திருக்கும் தனி விளிம்பு என்று மூன்று துண்டுகளில் செய்தவையும் உண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள். புது முறை வந்ததும் பழைய முறை நின்றுவிடவில்லை. இரண்டு உலோகத் தகடும் மடிப்பு ஓரமும் இருந்தால் 1700களைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம். ஒரே துண்டாக இருப்பதை மட்டும் வைத்து 1700களைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்தது பின்னால் பொறித்த எழுத்து. புதியவர்கள் இங்கே ஒரு குழியில் விழுவார்கள். ‘ட்ரெபிள் கில்ட்’ (மும்மடங்கு தங்க முலாம்), ‘ரிச் கலர்’, ‘எக்ஸ்ட்ரா குவாலிட்டி’ என்றெல்லாம் இருக்கும், அதை நிறுவனத்தின் பெயர் என்று நினைத்துத் தேடுவார்கள். அது சரக்கின் தரத்தைச் சொல்லும் விளம்பரம், அவ்வளவுதான். தங்க முலாம் என்று பொய்யாகப் பொறிப்பது பெருகியதால் பிரிட்டனில் 1796ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் நிறுவனங்கள் பங்குதாரர் மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றின. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்பரி நகரத்து ஸ்கோவில் நல்ல உதாரணம். 1827 முதல் 1840 வரை ‘ஜே.எம்.எல். அண்ட் டபிள்யூ.எச். ஸ்கோவில்’, 1840 முதல் 1850 வரை ‘ஸ்கோவில்ஸ் அண்ட் கோ’, 1850க்குப் பிறகு ‘ஸ்கோவில் எம்.எஃப்.ஜி. கோ’. இந்த மூன்றில் நடுவில் உள்ள பெயர் பொறித்த பட்டன் என்றால் பத்து வருட இடைவெளிக்குள் வந்துவிட்டோம், முன்பக்கத்தை இன்னும் பார்க்கவே இல்லை! லண்டனின் ஃபிர்மின், பர்மிங்ஹாமின் ஸ்மித் அண்ட் ரைட், ஜே.ஆர். காண்ட், ஹேமண்ட் டர்னர், பாரிஸின் ‘டி.டபிள்யூ. அண்ட் டபிள்யூ.’ (ட்ரெலோன், வெல்டன், வைல்) ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். ஃபிர்மின் போன்றவர்கள் கடை இருந்த தெருவையும் பொறித்தார்கள். அவர்கள் இடம் மாறிய வரலாறு சேகரிப்பாளர்களின் கையேடுகளில் இருக்கிறது. ‘லிமிடெட்’ என்ற சொல் இருந்தால் ஆங்கிலேயப் பட்டனுக்கு அது 1855க்கு முன் இருக்க வாய்ப்பில்லை, வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் வந்ததே அந்த ஆண்டில்தான்.

ஆனால் தயாரிப்பாளரின் ஊரை வைத்து ராணுவத்தின் நாட்டை முடிவுகட்டாதீர்கள். பர்மிங்ஹாம் உலகம் முழுவதற்கும் பட்டன் அடித்த ஊர்.

நான்காவது படி: உலோகம்

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். சாம்பல் நிறத்தில் மென்மையாக, மங்கலாக இருந்தால் பியூட்டர். பிரிட்டிஷ் காலாட்படையின் சாதாரணச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1855 வரை பியூட்டர் பட்டன்தான் போட்டார்கள், அதன் பிறகு பித்தளை. கையில் எடுத்தால் எடையே இல்லாமல், தங்கநிறத்தில் மினுமினுவென்று இருந்தால் அது ‘ஸ்டேபிரைட்’ எனப்படும் நிறமேற்றிய அலுமினியம். பிரிட்டிஷ் ராணுவத்தில் அது 1950களில் வந்தது. தேய்க்க வேண்டியதில்லை என்று சிப்பாய்களுக்கு ஒரே சந்தோஷமாக இருந்திருக்கும். சாணிப்பச்சை பிளாஸ்டிக்கில் கழுகு இருந்தால் இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்கப் பட்டனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்தாவது படி: இப்போது முன்பக்கம்

பிரிட்டனும் அதன் ஆட்சியில் இருந்த நாடுகளும் என்றால் முதலில் கிரீடத்தைப் பாருங்கள். மேல் வளைவுகள் நடுவில் பள்ளம் விழாமல் கோபுரம்போல் உருண்டு எழும்பினால் அது டியூடர் கிரீடம், சேகரிப்பாளர்கள் ‘கிங்ஸ் கிரவுன்’ என்பார்கள். 1901ல் ஏழாம் எட்வர்டு காலத்தில் வந்து, 1950களின் தொடக்கம் வரை இருந்தது. வளைவுகள் நடுவில் சற்றே உள்வாங்கியிருந்தால் இரண்டாம் எலிசபெத்தின் கிரீடம், அதாவது 1953ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும். இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. விக்டோரியா காலத்துக் கிரீடமும் பல பட்டன்களில் உள்வாங்கியே இருக்கும், எனவே 1890ஐச் சேர்ந்ததும் 1960ஐச் சேர்ந்ததும் முதல் பார்வைக்கு உறவினர்போல் தோன்றும். அங்கே தீர்ப்புச் சொல்வது பின்பக்கம்தான். இரண்டாவது பொறி, மூன்றாம் சார்லஸ் 2022ல் மறுபடியும் டியூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்தார். ஆகவே புத்தம்புதுப் பட்டனிலும் ‘கிங்ஸ் கிரவுன்’ இருக்கும்.

கிரீடத்துக்குக் கீழே பின்னிப்பிணைந்த எழுத்து இருந்தால் இன்னும் நல்லது. ‘வி.ஆர்.’ விக்டோரியா. ‘இ.ஆர்.’ நடுவில் ஏழு என்ற ரோமன் எண் இருந்தால் 1901 முதல் 1910. ‘ஜி.ஆர்.’ நடுவில் ஐந்து இருந்தால் 1910 முதல் 1936.

இந்தியாவில் 1950 ஜனவரி 26 ஒரு தெளிவான கோடு. அதற்கு முன் ராணுவச் சின்னங்களில் கிரீடம், குடியரசான பின் அசோகச் சிங்கங்கள். 1947ல் சுதந்திரம் வந்ததும் கிரீடம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடுவில், பிரிட்டிஷ் அரசரே நாட்டின் தலைவராகத் தொடர்ந்த டொமினியன் காலத்தில் கிரீடம் இருந்தது. பின்னங்காலில் நின்று, முன்கால்களில் கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம் என்றால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம்.

எண் மட்டும் இருக்கும் பட்டன் பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் தங்கள் எண்ணைப் பட்டனில் போட வேண்டும் என்று 1767ல் ஆணை வந்தது. 1871ல் சாதாரணச் சிப்பாய்களுக்கு எண் பட்டனை எடுத்துவிட்டு, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னம் கொண்ட பொதுப் பட்டனைக் கொடுத்தார்கள். 1881 சீர்திருத்தத்தில் படைப்பிரிவுகளின் எண்களுக்குப் பதில் வட்டாரப் பெயர்கள் வந்தன. இந்தியப் படைகளில் 1903ல் தலைமைத் தளபதி கிச்சனர் எண்களையே மாற்றினார். மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு 60, பம்பாய்ப் பிரிவுகளோடு 100 கூட்டினார்கள். பழைய 13ஆம் மெட்ராஸ் காலாட்படை அப்படித்தான் 73ஆம் கர்நாடிக் காலாட்படை ஆனது. 1922ல் அதையும் மாற்றிப் பெரிய ரெஜிமெண்டுகளாக இணைத்தார்கள். ஜெர்மன் பேரரசுக் காலத்துத் தோள்பட்டைப் பட்டனில் இருக்கும் சிறு எண்ணோ ரெஜிமெண்டைக் குறிப்பதே இல்லை, அது ரெஜிமெண்டுக்குள் இருக்கும் ‘கம்பெனி’ என்ற சிறு பிரிவின் எண்.

ஒரு பட்டனை எடுத்துப் பார்ப்போம். 33 என்ற எண், அதைச் சுற்றி ஒரு வளையம். மென்மையான சாம்பல் உலோகம், ஒரே துண்டு, பின்னால் எழுத்து ஏதும் இல்லை, தைக்கும் வளையம் உடைந்து துரு மட்டும் மிச்சம். 33 என்றதும், பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் இளம்வயதில் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் 33ஆம் படைப்பிரிவு என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள், நெப்போலியனின் பிரெஞ்சுக் காலாட்படையும் எண் போட்ட பட்டன்தான் வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு வரிசைக் காலாட்படையின் பட்டன் மஞ்சள் உலோகம், பிரிட்டிஷ் சிப்பாயின் பட்டன் பியூட்டர். இது சாம்பல் நிறம், எனவே தராசு பிரிட்டன் பக்கம் சாய்கிறது. எண் இருக்கிறது, அதனால் 1767க்கு முன் இல்லை. பியூட்டர், அதனால் ஏறத்தாழ 1855க்குப் பின் இல்லை. முலாம் இல்லை, அதிகாரியுடையதும் இல்லை. ஆக ‘33ஆம் படைப்பிரிவு, சாதாரணச் சிப்பாய், 1767–1855’ என்று எழுதலாம். அதைப் போட்டிருந்தவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றாரா, வாட்டர்லூவில் நின்றாரா என்று பட்டன் சொல்லாது. விற்பவர் சொல்வார், அதற்குத் தனியாகக் காசும் கேட்பார்.

எழுத்துகள் அமெரிக்கப் பட்டனில் வேறு விதமாக வரும். கழுகின் மார்புக் கேடயத்தில் ‘ஐ’ இருந்தால் காலாட்படை, ‘சி’ குதிரைப்படை, ‘ஏ’ பீரங்கிப்படை, ‘டி’ டிராகூன் (குதிரையில் சென்று, இறங்கியும் போரிடும் படை). 1902க்குப் பிறகு இந்தப் பிரிவு எழுத்துகள் போய், நாட்டின் பெரிய முத்திரையில் உள்ள கழுகு எல்லாருக்கும் பொதுவாக வந்தது.

நங்கூரம் என்றால் கடற்படை என்று எழுதிவிடாதீர்கள். கயிறு சுற்றிய நங்கூரத்துக்கு மேல் கிரீடம் இருந்தால் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி என்று பேசத் தொடங்கலாம், கிரீடம் சேர்ந்தது 1812ல். நங்கூரத்தின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தால் அமெரிக்கா. வெறும் நங்கூரம் என்றால் வணிகக் கப்பல், படகுக் கழகம், பள்ளிச் சீருடை, குழந்தைகள் உடுப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். கழுகுக்கு மேல் கிரீடம், சுற்றிலும் கயிற்று விளிம்பு என்றால் பிரிட்டிஷ் விமானப்படை. அந்தப் படையே 1918 ஏப்ரல் 1 அன்றுதான் பிறந்தது, ஆகவே முதல் எல்லை இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய வான்படைப் பிரிவின் பட்டனில் ‘ஆர்.எஃப்.சி.’ என்று எழுத்து இருக்கும்.

இது ராணுவமே இல்லாமல் இருந்தால்?

நிறைய நேரம் அப்படித்தான் இருக்கும். ஒரு விலங்கின் தலையோ கையோ வாளோ இருந்து, அதற்குக் கீழே முறுக்கிய துணிபோல் ஒரு சிறு குறுக்குப் பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் பணக்காரக் குடும்பத்தின் வேலைக்காரர் சீருடைப் பட்டன். அந்த முறுக்குப் பட்டை குடும்பச் சின்னங்களின் அடையாளம். பின்னலாகக் கிடக்கும் எழுத்துகள் ரயில்வே, தபால், சுங்கம், டிராம் கம்பெனி எதையும் குறிக்கலாம். ‘எஸ்.ஐ.ஆர்.’ தென்னிந்திய ரயில்வே, ‘எம். அண்ட் எஸ்.எம்.ஆர்.’ மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. தீயணைப்பு, சிறை, காவல் ஆகிய துறைகளும் கிரீடம் வைத்த பட்டனையே போட்டன. ராணுவம் இல்லை என்றதும் ஏமாந்துபோக வேண்டாம். என்னைக் கேட்டால் ரயில்வே பட்டன்கள் தனி சுவாரசியம், போலிகளும் அங்கே குறைவு.

பேட்ஜுகளுக்கு வந்தால்

முறை அதேதான், முதலில் திருப்பிப் போடுங்கள். அச்சில் அழுத்திச் செய்த பேட்ஜின் பின்பக்கம் முன்பக்கத்தின் குழிந்த பிரதியாக இருக்கும். பிரிட்டிஷ் தொப்பி பேட்ஜின் பின்னால் இரண்டு வளையங்கள் இருக்கலாம், அல்லது கீழ்நோக்கி நீண்ட தட்டைப் பட்டை இருக்கலாம். அந்தப் பட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலானது. காலர் பேட்ஜுகள் சிறியவை, ஜோடியாக வரும். அதில் விலங்கு இருந்தால் இடது காலருக்கும் வலது காலருக்கும் எதிரெதிர் திசையில் பார்க்கும்படி செய்வார்கள். முதலாம் உலகப்போரில், 1916ல், இரண்டு உலோகத்தில் செய்த பேட்ஜுகளைச் சிக்கனத்துக்காக முழுப் பித்தளையில் அடித்தார்கள். அடுத்த போரில் பிளாஸ்டிக்கே வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பொம்மை என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

சின்ன வேறுபாடுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இங்கே மிகவும் உதவும். எரியும் கையெறி குண்டுச் சின்னத்தில் ஒன்பது தீநாக்குகள் இருந்தால் ராயல் என்ஜினியர்ஸ் (பொறியாளர் படை), ஏழு இருந்தால் ராயல் ஆர்ட்டிலரி (பீரங்கிப்படை). ‘உபீக்வே’ என்ற லத்தீன் வாசகம் இரண்டு பேருக்கும் பொது, அதனால் வாசகத்தைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் தொப்பிச் சின்னத்தில் 1941 வரை கழுகு தன் இடப்பக்கம் பார்த்தது, அதன்பின் வலப்பக்கம் திரும்பியது.

போலிகள்

போலி என்பதில் இரண்டு வகை உண்டு. வரலாற்று நாடகங்களுக்கும் பழைய போர்களை நடித்துக் காட்டுபவர்களுக்கும் நேர்மையாகச் செய்த மறுபதிப்பு ஒன்று. அதையே மண்ணில் புதைத்து, அமிலத்தில் நனைத்துப் பழசாக்கி விற்பது இன்னொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புப் படைப் பட்டன்களும், நாஜிக் காலத்துச் சின்னங்களும் இதில் முன்வரிசை. புதியவர்கள் முதல் இரண்டு வருடம் இந்த இரண்டு பக்கமும் போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதற்கு ஜெர்மனியில் சட்டத் தடையும் உண்டு.

அசல் அச்சில் அடித்ததில் முடி, இறகு, எழுத்தின் விளிம்பு எல்லாம் கூராக இருக்கும். அசலை வைத்து அச்சு எடுத்து வார்த்ததில் எல்லாம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கி, உருப்பெருக்கியில் சிறு துளைகள் தெரியும், அளவும் ஒரு துளி குறைந்திருக்கும். பேட்ஜில் வெட்டிவிட வேண்டிய இடைவெளிகளின் உள்விளிம்பில் அரத்தின் கீறல் இருக்கிறதா பாருங்கள். முன்பக்கம் நூறு வருடம் தேய்ந்திருக்க, பின்பக்க வளையத்தின் பற்றவைப்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் வளையம் உடைந்து யாரோ மாற்றியிருக்கவும் கூடும், ஆனால் அதை விற்பவர் விளக்கட்டும். முக்கியமான சோதனை மூன்றாவது படியில் பார்த்ததை வைத்துத்தான்: முன்பக்கம் சொல்லும் காலமும் பின்பக்கம் சொல்லும் காலமும் ஒத்துப்போக வேண்டும். 1860ஆம் வருடத்துக் கழுகின் முதுகில் ‘வாட்டர்பரி கம்பெனிஸ் இன்க்.’ என்ற 20ஆம் நூற்றாண்டுப் பெயர் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

குறிப்பு எழுதுவதும் பாதுகாப்பதும்

ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. இரண்டு பக்கப் படமும், அளவு, உலோகம், பின்பக்க எழுத்து (தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்), கால எல்லைகள், அந்த எல்லைகளுக்கு என்ன காரணம், எங்கிருந்து வந்தது. காரணத்தை எழுதாமல் ‘1901–1952’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. ‘கிங்ஸ் கிரவுன் என்பதால்’ என்று இரண்டு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

ஒரே பெட்டியில், ஒரே சட்டையில் சேர்ந்து கிடைத்தவற்றைப் பிரிக்காதீர்கள். தனியாகப் பார்த்தால் பேர் தெரியாத பட்டன், பக்கத்தில் இருக்கும் தோள்பட்டை எழுத்தால் அடையாளம் காணப்படுவது சகஜம். போர்க்களம், போர்க்கல்லறை போன்ற இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது பல நாடுகளில் குற்றம். தோண்டும்போது எலும்போ வெடிபொருளோ தென்பட்டால் தொடாமல் விலகி, அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும்.

மெத்தென்ற பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் உலோகத்தை அரிக்கும், பாலியெஸ்டர் அல்லது பாலிஎத்திலீன் உறை பாதுகாப்பானது. ஓக் மர இழுப்பறை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயம் கலந்த பழைய பியூட்டரைத் தூளாக்கிவிடும். உலோக டப்பாவோ அமிலமற்ற அட்டைப்பெட்டியோ எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள்.